வெள்ளிக்கிழமைகளில் தொலைந்த குரல்

என் தொழிலில் நன்றி சொல்ல ஆளில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடினால் சும்மா இருந்து சம்பளம் வாங்குகிறேன் என்பார்கள். ஏதாவது நின்றுபோனால், நான் சும்மா இருந்ததால்தான் நின்றது என்பார்கள். கொழும்பில் உள்ள ஒரு கம்பனியின் சேர்வர்களைக் கல்முனைக்குடியில் வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்கிறேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால், வீட்டுக்கு வருகிறவர்கள் உம்மாவிடம், "மகள் இன்னும் படிச்சி முடியல்லையா?" என்று கேட்பார்கள். உம்மாவும் "இல்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவார். விளக்கம் சொல்வதைவிட அது இலேசு.

ஆனால் நான் சொல்ல வந்தது கம்பனி வேலை அல்ல. என் ராத்தாவுக்காக நானே வைத்து ஓட்டிய ஒரு சின்ன மெசேஜ் அப் பற்றியது.

ராத்தா என் உடன்பிறந்த மூத்தவள். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். ஒரே வளவுக்குள் அவளுக்கு முன் வீடு, எனக்குப் பின் வீடு. மச்சான் மாவடிப்பள்ளியிலிருந்து மாப்பிள்ளையாக வந்து அவள் வீட்டில் குடியேறியவர். பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கிறார். ராத்தா கதைக்கத் தொடங்கினால் மீன்காரர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுவிடுவார். விலை பேசி முடிந்த பிறகும் அவருடைய மகளின் பரீட்சை, மாமியின் முழங்கால் எல்லாவற்றையும் விசாரித்துத்தான் விடுவாள். அப்படிப்பட்டவளுக்குப் பாரிசவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மெல்லத் தேறின. சொற்கள்தான் தேறவில்லை. தேத்தண்ணி கேட்க நினைப்பாள், கதவு என்று வரும். வந்தது பிழை என்று அவளுக்கே தெரியும், அதுதான் கொடுமை. முகம் சிவந்து வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்த மச்சானைப் பார்த்து, "சோறு தின்னுங்க" என்று அவள் பிழையில்லாமல் சொல்லிவிட்டாள். மனிசன் துள்ளிக் குதித்தார். திரும்பச் சொல்லச் சொல்லிப் போனில் பிடித்தார். பிடித்ததைக் குடும்ப குரூப்பிலும் போட்டார். "அல்ஹம்துலில்லாஹ், கதைக்கத் தொடங்கிட்டா" என்று கீழே எழுதியும் வைத்தார். இரண்டாவது தடவை சொன்னபோது நாக்கு இழுபட்டுப்போனது அவர் காதில் விழவேயில்லை; சந்தோசத்தில் விழாது. கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் துஆக்கள் வந்து குவிந்தன. நடுவில் யாரோ ஒருவர் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டார். பிறகு உறவுக்காரப் பிள்ளை ஒன்று, அதே மாதிரி நாக்கை இழுத்துச் சொல்லி ஒரு குரல் அனுப்பியது. பிள்ளைகள்தானே, விளையாட்டு. ஆனால் ராத்தா அதைக் கேட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து மச்சான் இருக்கிற இடத்தில் அவள் வாய் திறக்கவில்லை. என்னோடு ஒன்றிரண்டு சொல், அதுவும் நான் கெஞ்சினால். மச்சானோடு தலையாட்டுவதோடு சரி. அவர் அழுதார், மன்னிப்புக் கேட்டார், குரூப்பை விட்டே வெளியேறினார். ஒன்றும் வேலைக்காகவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் தனியே கதைத்துக் கொண்டிருப்பார், அவள் பீங்கானைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எழுந்து போய்விடுவேன், பார்க்கச் சகிக்காது.

ஆஸ்பத்திரிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க மட்டக்களப்பிலிருந்து ஒரு மிஸ் வந்துபோவார். சின்ன வயது, பொறுமைசாலி. "வீட்டில இருந்து கதைச்சு எனக்கு அனுப்புங்க அக்கா, நான் கேட்டுட்டு எது பிழையெண்டு சொல்லித் தாறன்" என்றார். மிஸ்ஸின் கையில் போனைப் பார்த்ததும் ராத்தா மாட்டேன் என்று தலையை ஆட்டின ஆட்டில் முக்காடு நழுவியது. காரணத்தை நான் சொன்னேன். மிஸ்ஸுக்கு விளங்கியது. வேறு சில நோயாளிகளும் இதே மாதிரிக் கூச்சப்படுகிறார்களாம். ஒருதரின் குரல் ஊர் முழுக்கப் பரவினால் அவர் அதோடு சரியாம்.

"நம்மட சொந்தத்துல ஒண்டு வைப்பம் மிஸ்," என்றேன். யாரும் இலவசமாக எடுத்து ஓட்டக்கூடிய மெசேஜ் அப்புகள் இருக்கின்றன. அவை கொண்டெய்னர் என்கிற ஒரு மூடிய பெட்டிக்குள் அடைத்து வரும். பெட்டிக்குள் இருக்கிற அப்புக்கு அந்தப் பெட்டிதான் உலகம். வெளியே உள்ள டிஸ்க்கில் எதையாவது எழுதவேண்டுமென்றால் நாம்தான் வழி திறந்துவிட வேண்டும். என் பழைய கொம்பியூட்டர் ஒன்றில் அதை ஏற்றி, மச்சானின் கடையில், கண்காணிப்புக் கெமராவின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் வளவுக்கு இன்னும் வராத நல்ல இன்டர்நெட் லைன் கடையில் இருந்தது. மச்சானிடம் "மிஸ்ஸின் கிளினிக் வேலை" என்று மட்டும் சொன்னேன், அவரும் கேட்கவில்லை.

ராத்தா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "மிஸ்... மட்டும்," என்றாள். "நானும் கேட்கக் கூடாதா?" என்றேன். என்னை விரலால் சுட்டிக்காட்டி, கூடாது என்று கையை விசுக்கினாள். சரி என்று சத்தியம் பண்ணினேன். அனுப்பியதும் குரல் அவள் போனிலிருந்தே அழிந்துபோகும்படி வைத்துக் கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததற்கு ஒரு டிக் மட்டும் மிஞ்சும். சேர்வர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். பின்னேரம் கிளினிக் முடிந்து வீட்டுக்குப் போய் மிஸ் அப்பைத் திறக்கும்போது அவரிடம் கொடுக்கும்.

அவள் வெள்ளிக்கிழமைகளில்தான் கதைத்தாள். யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. என் குசினி ஜன்னலிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். மற்ற நாளில் மச்சான் எந்த நேரம் வருவார் போவார் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை அப்படியில்லை. பகல் வந்து குளித்து, வெள்ளைச் சட்டையும் சாரமும் உடுத்து, அத்தர் பூசி ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார். ரோட்டில் ஆம்பளைகள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கேற் சாத்துகிற சத்தம் கேட்டதும் ராத்தா அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். நான் அந்த நேரத்தில் தேங்காய்கூடத் துருவமாட்டேன், சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயம்தான்.

முதலில் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மிஸ் பதில் அனுப்புவார், ராத்தா அதைக் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பாள். பிறகு ஒரு வெள்ளி, கேற் சாத்துகிற சத்தம் கேட்டது, அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். ராத்தா கட்டிலில் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள், போன் கவிழ்ந்து கிடந்தது.

"என்ன ராத்தா, இண்டைக்கு இல்லையா?"

போனை எடுத்துக் காட்டினாள். போன வெள்ளி ஒரு டிக், அதற்கு முந்தின வெள்ளி ஒரு டிக், அதற்கு முந்தினதும் அப்படித்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை. "மிஸ்... சிரிச்சி..." என்றாள், மிச்சம் வரவில்லை. கண்ணால் தண்ணீர் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு மிஸ்ஸை உடனே அழைத்தேன். ஸலாமும் இல்லை, சுகமும் கேட்கவில்லை. "மிஸ், ஒரு பதிலாவது போடப்படாதா? அவ இஞ்ச அழுதுகொண்டு இரிக்கா," என்றேன். மிஸ் திகைத்துப் போனார். "அக்கா ஒண்டும் அனுப்பல்லையே. நான் நினைச்சன் அவவுக்கு அலுத்துப் போச்செண்டு. கேட்டா மனம் நோகுமெண்டு பேசாம இருந்தன்," என்றார். அங்கே அவர் இவள் அனுப்பவில்லை என்று இருந்திருக்கிறார். இங்கே இவள் அவர் கேட்டுச் சிரிக்கிறார் என்று இருந்திருக்கிறாள். யா அல்லாஹ், நடுவில் நின்றது என் கொம்பியூட்டர்.

மறுநாள் காலையில் சேர்வரின் குறிப்புகளைத் திறந்தேன். அப் தான் செய்கிற ஒவ்வொன்றையும் எழுதி வைக்கும். பிழை என்றால் படுத்துவிடும், நமக்கும் உடனே தெரிந்துவிடும். எச்சரிக்கை அப்படியல்ல. புறுபுறுத்துக்கொண்டே வேலையையும் செய்யும். தற்காலிகக் கோப்புறையில் எழுத முடியவில்லை, ஆகவே நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறேன் என்று அது புறுபுறுத்திருந்தது. தற்காலிகக் கோப்புறை என்பது, வந்த குரலை மிஸ் வாங்கும்வரை போட்டு வைக்கிற இடம்.

இடம் நிரம்பிவிட்டதோ என்று பார்த்தேன், டிஸ்க் முக்கால்வாசி வெறுமை. கோப்புறை இல்லையோ என்று பார்த்தேன், கல்லுப்போல இருந்தது. நானே உள்ளே ஒரு வரி எழுதிப் பார்த்தேன், எழுதியது. "எழுத ஏலா எண்டு பொய்தானே சொல்றாய்," என்று திரைக்கு வாய்விட்டே ஏசினேன். உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆரோட புள்ள சண்டை?" என்றார். பிறகுதான் பிடிபட்டது. எழுதியது நான், கோப்புறையின் சொந்தக்காரி என்ற பெயரில் எழுதினேன். பெட்டிக்குள் இருக்கிற அப் மட்டும், மிஸ்ஸின் பதில் நின்றுபோன சமயத்தில் புதிய பதிப்பு வந்ததிலிருந்து, வேறு பெயரில் ஓடுகிறது. அந்தப் பெயருக்குக் கதவு திறக்கவில்லை. வெளியே நின்று தட்டிப் பார்த்துவிட்டு, சாமானைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

கையில் வைத்திருந்தாலும் பின்னேரம் மிஸ்ஸிடம் கொடுத்திருக்க வேண்டுமே. மிஸ் பிறகு இதில் சேர்த்துவிட்ட மற்ற நோயாளிகள் வேறு நாட்களில் அனுப்பிய குரல்கள் எல்லாம் போயிருக்கின்றன, வெள்ளிக்கிழமை அனுப்பியவை மட்டும்தான் இல்லை. குறிப்புகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ நேரத்தில் எழுத்து அப்படியே அறுந்திருந்தது. தொழுகை முடிந்த பிறகு புதிதாகத் தொடங்கியிருந்தது, தொடங்கியதும் முதல் வரி அதே புறுபுறுப்பு. நினைவகத்தில் இருப்பது கரண்ட் உள்ளவரைதான். யாரோ கரண்ட்டை எடுக்கிறார்கள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தேன். மச்சான் கல்லாவில் இருந்தார்.

"மச்சான், வெள்ளிக்கிழமை பகல்ல கடையில கரண்ட் போறதா?"

"கரண்ட் ஏன் போகுது? நான்தான் மெயின் சுவிச்சை ஓப் பண்ணிட்டுப் பள்ளிக்குத் தொழப் போறன்," என்றார், சர்வசாதாரணமாக. "இந்த லைன்ல எல்லாக் கடையும் அப்பிடித்தானே. புடவைக்கடை, ஆளில்லாத நேரம் ஒரு வயர் உருகினாப் போதும்."

அது உண்மைதான். ஜும்ஆ நேரத்தில் பஜாரே இருட்டாகக் கிடக்கும். பெரிய கடை, சின்னக் கடை என்றில்லை, பாங்கு சொல்லப் போகிறது என்றால் ஒவ்வொருவராக மெயினை இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்கு நடப்பார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கொம்பியூட்டரைக் கொண்டுவந்து வைத்தபோது அது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை இவர் வீட்டில் குளித்து வெளிக்கிடுவார். கேற் சாத்தியதும் ராத்தா கதைத்து அனுப்புவாள், டிக் விழும். இவர் போகிற வழியில் கடையில் இறங்கி மெயினை இறக்குவார். அவ்வளவும் போய்விடும். ஒவ்வொரு கிழமையும் தன் பொண்டாட்டி வாயிலிருந்து வந்த சொற்களைத் தன் கையாலேயே அணைத்துவிட்டுத் தொழப் போயிருக்கிறார் மனிசன்.

எனக்கு வாய் அடங்கவில்லை. "ராத்தா கதைச்சதெல்லாம் ஒங்கட மெயின் சுவிச்சோட போயிட்டு மச்சான்!" என்று கத்திவிட்டேன்.

அவர் எழுந்தவர் அப்படியே பக்கத்திலிருந்த புடவைக் கட்டின்மேல் இருந்துவிட்டார். "கதைக்கிறாவா? ஆரோட?"

"மிஸ்ஸோட. நீங்க பள்ளிக்குப் போன பொறகு, ஒவ்வொரு வெள்ளியும்."

"என்னத்தக் கதைச்சா?"

"எனக்குத் தெரியா. ஒருத்தருக்கும் தெரியா. இனித் தெரியவும் வராது."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமெல்லாம் இறங்கிவிட்டது. கட்டியவரோடு கதைக்காதவள், அவர் வெளிக்கிடும்வரை பார்த்திருந்து கதைக்கிறாள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டேனே. அவர் உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா கதைக்கிறாவா எண்டு மிஸ் ஏதும் சொன்னவவா?" என்று மட்டும் கேட்டார். பாவம், அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கடையிலேயே உட்கார்ந்து சரிசெய்தேன். கோப்புறையை அந்தப் பெயருக்கு உரிமையாக்கினேன், பெட்டியிலிருந்து டிஸ்க்குக்கு வழி திறந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன், அப்பை நிறுத்தி மீண்டும் ஓடவிட்டேன். புறுபுறுப்பு வரவில்லை. அப்படியும் நம்பிக்கை வரவில்லை. என் போனிலிருந்து வாய்ப்பாடு சொல்லி ஒரு குரல் அனுப்பிவிட்டு, "இப்ப மெயினை இறக்குங்க மச்சான்," என்றேன். இறக்கினார். கடைக்குள் கலியாணச் சாரி பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் இருட்டில் கூக்குரல் போட்டார்கள். "ஒரு நிமிசம் உம்மா, டெஸ்ட் பண்றம், பொறுத்துக்கங்க," என்று மச்சான் கும்பிடாத குறையாகச் சொன்னார். திரும்பப் போட்டதும் பார்த்தேன். ஏழாம் வாய்ப்பாடு பத்திரமாக டிஸ்க்கில் இருந்தது.

"ஆனாலும் நான் இனி மெயினைத் தொடமாட்டன்," என்றார் மச்சான். இனித் தொட்டாலும் பரவாயில்லை, குரல் போகாது என்று விளக்கினேன். அவர் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து ராத்தாவின் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் சிரிக்கவில்லை, கேட்கவேயில்லை, ஒரு சொல்லும் அவரிடம் போகவில்லை என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள், ஆறுதலுக்காகச் சொல்கிறேனோ என்ற சந்தேகம். கோப்புறை, நினைவகம் என்றதெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை. "ஆரு?" என்றாள். மெயினை இறக்கியது யார் என்று கேட்கிறாள்.

"மச்சான்தான். வேணுமெண்டு செய்யல்ல ராத்தா."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தக் கிழமை முழுக்க அப்படித்தான் இருந்தாள். ஐயோ, சொல்லாமலே விட்டிருக்கலாமோ, இருந்த கொஞ்சமும் போய்விட்டதோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி அவள் மிஸ்ஸோடும் கதைக்காவிட்டால் பிறகு யாரோடு? சரியான கோப்புறையை வைத்துக்கொண்டு என்ன செய்ய, போட ஒரு சொல் இல்லாவிட்டால்?

வெள்ளிக்கிழமை வந்தது. நான் குசினியில் நின்றேன். மச்சான் வந்து குளித்தார், உடுத்தார், அத்தர் வாசம் என் வீடுவரை வந்தது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, ஒவ்வொரு வெள்ளியும் செய்கிற பழக்கத்தில் வாய் தவறி, "சரி புள்ள, நான் கடையில மெயினை ஓப் பண்ணிட்டு அப்பிடியே பள்ளிக்கு..." என்று தொடங்கிவிட்டார்.

உள்ளே கதிரை ஒன்று தள்ளுப்பட்டது.

"மெயின... தொட்டா..." என்று ராத்தாவின் குரல் வந்தது. நின்றது. மூச்சு வாங்கியது. "கைய... முறிப்பன்!"

நான் கையிலிருந்த அகப்பையோடு முற்றத்துக்கு ஓடினேன். மச்சான் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். ராத்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகமெல்லாம் சிவந்து. நாக்கு இழுபட்டது, அதை அவள் பொருட்படுத்தவில்லை. "என்ட... என்ட கதை! எல்லாம்... நீங்க... மாடு!" என்றாள். வேறு என்னவோ சொல்ல வந்து மாடு என்று வந்ததா, அதையேதான் சொல்ல வந்தாளா என்று நான் கேட்கப் போகவில்லை.

"தொடமாட்டன் புள்ள," என்றார் மச்சான். "அல்லாஹ்மேல ஆணையாத் தொடமாட்டன்." கண்ணீர் தாடியில் வழிந்தது, துடைக்கவுமில்லை. பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டது. அவர் நகரவில்லை, நகர்ந்தால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயந்தவர்போல நின்றார்.

ராத்தா பள்ளிப் பக்கம் கையைக் காட்டினாள். "போங்க," என்றாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "போயிட்டு... வாங்க. இன்னும்... ஏசுறன்," என்றாள்.

அன்றைக்கு அவள் அறைக் கதவைச் சாத்தவில்லை. பின்னேரம் மிஸ் எனக்கு எழுதினார்: "இண்டைக்கும் அக்காட குரல் ஒண்டும் வரல்ல. திரும்பவும் பழுதாகிட்டுதா?"

முன் வீட்டிலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பழுது ஒன்றுமில்லை மிஸ், ராத்தா மச்சானோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பதில் எழுதினேன்.